எங்கே எழுதலாம் என்று கேட்டாய்

அன்புள்ள மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நான் சட்டை மாற்றிக்கொண்டிருந்த நேரம் நீ போன் செய்தாய். கோயம்புத்தூரில் உன் குடியிருப்பின் மாடிப்படிச் சுவரில் காலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்துப்பூச்சிகளை ஒரு வருடமாகப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருப்பதாகவும், அவற்றைப் பற்றித் தமிழில் ஒரு வலைப்பதிவு தொடங்கப் போவதாகவும் சொன்னாய். "எதுலப்பா ஆரம்பிச்சா நல்லது? நீங்கதான் ஒண்ணொண்ணா போட்டுப் பாத்தாச்சே" என்று கேட்டாய். யோசித்து எழுதுகிறேன் என்று சொல்லிப் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உண்மையில் யோசிக்க ஒன்றும் இல்லை. எதில் தொடங்கலாம் என்பதை நாலு வரியில் சொல்லிவிடலாம். அந்த நாலு வரி எனக்கு எப்படித் தெரிய வந்தது என்பதை மறைத்துவிட்டு அதை மட்டும் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். ஈஸ்டர் முடிந்து உனக்குக் கல்யாணம். இந்த நேரத்தில் இதை எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, நீ ஒரு வீட்டுக்குத் தலைவன் ஆகப்போகிறாய், அதற்கு முன்னால் தெரிந்துகொள்வதுதான் நல்லது என்று பட்டது.

முப்பத்து நான்கு வருடம் தூத்துக்குடித் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்தவன் நான். கயிறு பிடிப்பவனாகச் சேர்ந்து, தளத்தில் வேலை செய்பவர்களுக்குத் தலைவனாக, சேராங்காக ஓய்வு பெற்றேன். இப்படிப்பட்டவன் அறுபது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வலைத்தளம் கட்டுகிறான் என்பது நம் தெருவில் கொஞ்ச நாள் சிரிப்பாக இருந்தது. அக்கா போன துக்கத்தில் அப்பா அவளுடைய பதிவுகளைத் திரட்டிக்கொண்டிருக்கிறார், மனதுக்கு ஒரு பிடிப்பு வேண்டும் அல்லவா என்று நீயும் எல்லோரிடமும் சொல்லி வந்தாய். அதில் பாதிதான் உண்மை. உன் அக்கா ஸ்டெல்லா எழுதிய பழைய வலைப்பதிவை அதை நடத்திய கம்பெனி மூடிவிட்டது என்று உனக்கும் உன் அம்மாவுக்கும் நான்தான் சொன்னேன். அந்தக் கம்பெனி எதையும் மூடவில்லை. இன்றைக்கும் நன்றாக நடக்கிறது. மூட வைத்தவன் நான்.

உன் அக்கா எழுதத் தொடங்கியது கப்பல் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஆபீஸில் அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம். மின்னஞ்சல் கணக்கு இருந்தால் அதோடு இலவசமாகக் கிடைக்கும் ஒரு வலைப்பதிவுத் தளத்தைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். பத்து நிமிடத்தில் தொடங்கிவிட்டாள். 'வெளியே நிற்கும் கப்பல்கள்' என்று பெயர். துறைமுகத்துக்குள் இடம் கிடைக்கும் வரை கடலில் காத்து நிற்கும் கப்பல்களை முயல் தீவுக் கரையிலிருந்தும் நம் வீட்டு மொட்டை மாடியிலிருந்தும் தூரத்தை இழுத்துக் காட்டும் கேமராவில் பார்த்து, கப்பலின் பெயர், எந்த நாட்டுக் கொடி, எங்கிருந்து என்ன ஏற்றி வந்தது, அதில் அவள் கண்ணில் பட்டது என்ன என்று மாதம் மூன்றோ நாலோ எழுதுவாள். தொடங்கிய அன்றே அதன் சுட்டியை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். செய்தியைப் பார்த்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் விழுந்திருந்தன. சுட்டியை நான் தொடவே இல்லை. பெண்பிள்ளை பொழுதுபோக்குக்கு ஏதோ செய்கிறது என்று இருந்துவிட்டேன். இப்படியே ஐந்து வருடம் போனது. அந்த ஐந்து வருடத்தில் இருநூறுக்கு மேல் எழுதியிருக்கிறாள். அதில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை. என்னுடைய தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது, மகனே. பிறகு நடந்ததெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

கொரோனா ஓய்ந்த மறுவருடம், ஒரு நாள் வேலை முடிந்து படகிலிருந்து இறங்கும்போது எஞ்சின் பகுதியில் வேலை செய்த ஒருவன் என்னோடு நடந்து வந்தான். "அண்ணாச்சி, ஒங்க மவ கப்பல எல்லாம் படம் புடிச்சு நெட்டுல போடுதாளாமே. ரொம்ப நல்லாருக்குன்னு எம் மச்சான் சொன்னான்" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. நல்லாருக்கு என்றுதான் சொன்னான். என் காதில் விழுந்தது வேறு. துறைமுகத்துக்குள் படம் எடுக்கக் கூடாது என்று வாசலிலேயே பலகை தொங்குகிறது. நான் உள்ளே வேலை செய்கிறவன். ஓய்வு பெற இரண்டு வருடம்கூட இல்லை. யாராவது மேலே சொல்லி, விசாரணை என்று கூப்பிட்டால் என்ன ஆவது என்ற எண்ணம் வாசலில் சைக்கிளை எடுக்கும்போது வந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அது நடந்தே முடிந்துவிட்டது போல எனக்குள் வளர்ந்துவிட்டது. அவள் எந்தப் படத்தையும் துறைமுகத்துக்குள் எடுக்கவில்லை, எல்லோரும் பிள்ளை குட்டிகளோடு போய் உட்காரும் கரையிலிருந்துதான் எடுத்தாள் என்பது ஒரு முறை திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அன்று தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை. உன் அம்மா மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். நீ அதற்கு முன்பே கோயம்புத்தூருக்குப் போய்விட்டிருந்தாய். ஸ்டெல்லா சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே, அந்த நெட்டில் எழுதுவதை எடுத்துவிடு என்றேன். எதை என்று கேட்டாள். கப்பல் பற்றி எழுதுவதை என்றேன். அவள், "நீங்க படிச்சியளா அப்பா?" என்று கேட்டாள்.

"படிக்க வேண்டிய தேவையில்ல. ஆபீஸ்ல பேச்சு வந்துட்டு" என்றேன்.

படங்களை மட்டும் எடுத்துவிடுகிறேன், எழுத்து இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தாள். எல்லாவற்றையும் எடு என்றேன். யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். நல்லாருக்கு என்றுதான் ஒருவன் சொல்லியிருந்தான். அதைச் சொல்ல முடியாமல் குரலை உயர்த்தினேன். அவள் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவள் ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டு போனாள். கடைசியில் திரையில் ஒரு கட்டம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்தாலும் அது நிச்சயமா என்று கேட்கிறது என்பது எனக்கும் புரிந்தது. அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அழுத்திவிட்டாள். பிறகு லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து, "டீ போடட்டுமா?" என்று கேட்டாள். போட்டுக் கொடுத்தாள். நானும் குடித்தேன். வீட்டில் யாரிடமும் இதைச் சொல்ல வேண்டாம் என்று சொன்னேன். அவளும் சொல்லவில்லை. அதை மூடிவிட்டார்கள் என்று பிறகு பேச்சு வந்தபோது நான் சொன்ன பொய்க்கு அவளும் தலையாட்டினாள்.

அலுவலகத்தில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரமே எனக்கு அது மறந்துவிட்டது. இதைச் சொல்லத்தான் எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது. ஒருவேளை நான் சும்மா பயந்துவிட்டேன் போல என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. சில மாதம் கழித்து ஒரு நாள் சாப்பிடும்போது அவள், "அப்பா, ஆபீஸ்ல அதுக்குப் பொறவு ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டாள். நான் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "எதப் பத்தி?" என்றேன். அவள் ஒன்றுமில்லை என்றாள். மீன் முள்ளை ஒதுக்கிவிட்டுத் தொடர்ந்து சாப்பிட்டாள்.

அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் அவளுக்கு ரத்தத்தில் நோய் என்று கண்டுபிடித்தார்கள். நான் ஓய்வு பெற்று நாலு மாதம் ஆகியிருந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் நாங்கள் மாறி மாறி இருந்த அந்த ஏழு மாதம் உனக்கும் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. நீ இல்லாத நாட்களில் காலையில் மருந்து ஏறத் தொடங்கியதும் அவள் என்னிடம், "இன்னைக்கு வெளிய என்ன நிக்குதுப்பா?" என்று கேட்பாள். நான் பழைய படகுக்காரர்களைப் போனில் கூப்பிட்டுக் கேட்டுச் சொல்வேன். நிலக்கரிக் கப்பல் ஒன்று, மரத்தடி ஏற்றி வந்தது ஒன்று, காற்றாலை இறக்கை ஏற்ற வந்தது ஒன்று என்று சொன்னால் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். கொடி எந்த நாடு என்று கேட்பாள். அதைக் கேட்டு வைக்க மறந்திருந்தால் மறுபடி கூப்பிடுவேன்.

அப்படி ஒரு நாள், அவள் கொஞ்சம் தெளிவாக இருந்தபோது நான் சொன்னேன். "ஏளா, நீ மறுபடி எழுதேன். நாளைக்கு வரும்போது லேப்டாப்ப எடுத்துட்டு வாரேன். பழசு எல்லாம் உள்ள எங்கனயாவது இருக்கும்லா, அதுலயே விட்ட எடத்துலேர்ந்து எழுது."

அவள் சிரித்தாள். "இல்லப்பா. அழிச்சா தொண்ணூறு நாள் வச்சிருப்பாங்க. அதுக்குள்ள வேணும்னா திருப்பி எடுத்துக்கிடலாம். பொறவு ஒண்ணும் இருக்காது" என்றாள். அலுவலகத்தில் புதிதாக வந்தவருக்கு ஒரு விதிமுறையைச் சொல்லிக் கொடுப்பது போலச் சொன்னாள். குற்றம் சாட்டுகிற தொனி துளியும் இல்லை. அழித்தால் அழிந்துபோகும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. எங்கோ ஒரு பெட்டியில் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள் என்றே நினைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நர்ஸ் வந்து பாட்டிலை மாற்றினார். பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பதாவது நாள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவளுடைய போனைத் திறந்தேன். வங்கிக் கணக்கை முடிப்பதற்காகக் கடவுச்சொல்லை அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். எதையோ தேடப் போய் நாள்காட்டி திறந்துகொண்டது. இரண்டரை வருடத்துக்கு முந்தைய ஒரு தேதியில், 'கடைசி நாள்' என்று ஒரு குறிப்பு. வேறு எதுவும் இல்லை. எதற்குக் கடைசி நாள் என்று எனக்கு உடனே புரியவில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நான் தலையாட்டிய அந்தச் சனிக்கிழமையிலிருந்து சரியாகத் தொண்ணூறாவது நாள். ஆபீஸில் ஏதாவது சொன்னார்களா என்று அவள் சாப்பாட்டு மேஜையில் கேட்டது அந்த வாரம்தான். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, நீ உன் பதிவைத் திருப்பி எடுத்துக்கொள் என்று நான் சொல்வதற்காகத் தொண்ணூறு நாள் காத்திருந்திருக்கிறாள். என் முகத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு காத்திருந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். இணையத்தில் உள்ள பக்கங்களை அவ்வப்போது நகல் எடுத்துச் சேர்த்து வைக்கும் ஒரு சேமிப்பகம் இருக்கிறது என்று பேருந்து நிலையம் பக்கத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கும் ஒரு பெண் சொன்னார். பழைய முகவரி தெரிந்தால் தேடலாமாம். முகவரி எனக்கு எங்கே தெரியும் என்று வீடு வரை வருத்தப்பட்டுக்கொண்டு வந்த பிறகுதான் வாட்ஸ்அப்பில் அவள் அனுப்பிய சுட்டி நினைவுக்கு வந்தது. ஒன்பது பதிவுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் படம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைக் கட்டம். அவற்றை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படித்தேன். ஒரு கிரேக்கக் கப்பலின் பின்தளத்தில் கொடிக்கயிற்றில் நாலு ஜோடிக் காலுறை காய்கிறது, அதில் ஒன்று மட்டும் சிவப்பு, அதை ஊரில் யார் பின்னிக் கொடுத்தார்களோ என்று ஒரு பதிவில் எழுதியிருக்கிறாள். இன்னொன்றில், கப்பலை இழுவைப் படகு இழுக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், பெரும்பாலும் அது மூக்கை வைத்துத் தள்ளத்தான் செய்கிறது, அந்தப் படகின் முன்னால் நிற்கும் ஒருவரை எனக்குத் தெரியும், அவர் கையைத் தூக்கினால் அவ்வளவு பெரிய கப்பலும் நின்றுவிடும், அவருக்கு அது ஒரு பெருமையாகவே தெரியாது என்று எழுதியிருக்கிறாள். நான் என்று சொல்லவில்லை. அப்பா என்றும் சொல்லவில்லை. எனக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாது என்று அவள் முன்பே யோசித்து எழுதியிருக்கிறாள்.

இந்த ஒன்பதையும் மறுபடி ஓர் இடத்தில் வைக்க வேண்டும் என்று கிளம்பியபோதுதான் நீ கேட்ட கேள்வி எனக்கும் வந்தது. எங்கே வைப்பது? முதலில் எழுதியதை வாசகர்களின் மின்னஞ்சலுக்கே அனுப்பிவைக்கும் ஒரு தளத்தில் தொடங்கினேன். பார்க்க அழகாக இருந்தது, தொடங்குவதும் சுலபம். அங்கே பதிவின் தேதியை என் இஷ்டத்துக்குப் பின்னால் நகர்த்த முடியவில்லை, அல்லது எனக்கு வழி தெரியவில்லை. அவள் எட்டு வருடத்துக்கு முன்னால் எழுதியது எல்லாம் நேற்று எழுதியது போலத் தேதி போட்டுக்கொண்டு நின்றது. இறந்தவளின் எழுத்தின் மேல் நேற்றைய தேதியைப் பார்க்க உன் அம்மாவால் முடியவில்லை. எடுத்துவிட்டேன். இன்றைக்கு எழுதி இன்றைக்கே நாலு பேர் படிக்க வேண்டும் என்பவர்களுக்கு அது சரி. உன்னுடையது அப்படி அல்ல. ஆவணியில் வந்த பூச்சியை மறு ஆவணியில் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். பூச்சியின் பெயரைச் சொன்னால் அதைப் பற்றிய பதிவுகள் எல்லாம் ஒரே பக்கத்தில் வர வேண்டும். முகநூலும் இதனால்தான் உனக்கு ஆகாது. அங்கே போன மாதம் போட்டதை நீயே தேடி எடுக்க முடியாது.

இரண்டாவதாக, எல்லாம் நம் கையில் இருக்கட்டும் என்று வாடகைக்கு இடம் பிடித்து, அதற்கான மென்பொருளை நானே நிறுவினேன். கம்ப்யூட்டர் பள்ளிப் பெண்தான் உதவினார். இப்படிச் செய்தால் யாருடைய தயவும் வேண்டாம் என்பது உண்மைதான். வீடு சொந்தம் என்றால் ஓட்டையும் நாம்தான் அடைக்க வேண்டும். வாரா வாரம் உள்ளே போய்ப் புதுப்பிக்க வேண்டும் என்று அவர் படித்துப் படித்துச் சொல்லியும், கண்ணில் புரை எடுத்த மாதம் நான் அதைப் பார்க்கவில்லை. கட்டுப் பிரித்து வந்து திறந்தால், அவளுடைய பக்கம் முழுவதும் சூதாட்ட விளம்பரம். என்ன மொழி என்றுகூடத் தெரியவில்லை. சிவப்புக் காலுறை பற்றி எழுதிய பதிவின் மேல் சீட்டுக் கட்டுகள் சுற்றிக்கொண்டிருந்தன. உன் அம்மா கண்ணில் படாமல் லேப்டாப்பை மூடிவிட்டு, கம்ப்யூட்டர் பள்ளிக்கு நடந்தேன். வேலைக்குப் போய்க்கொண்டு, குடும்பமும் நடத்தப் போகிறவனுக்கு இந்த வழி வேண்டாம், தம்பி. பொழுதுபோக்கு ஒரு பொழுதும் காவல் வேலையாக மாறிவிடக் கூடாது.

மூன்றாவதாக இப்போது இருக்கும் இடம். பராமரிப்பை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். எழுதியது, படம், மற்றவர்கள் இட்ட கருத்து எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கிறது. அதை வேறு இடத்துக்குக் கொண்டுபோய் ஏற்றவும் முடியும். முகவரியை மட்டும் நம் பெயரில் தனியாக வாங்கி வைத்தேன். நாளைக்குத் தளத்தை மாற்றினாலும் வாசகர் பழைய முகவரிக்கே வந்தால் போதும். நீயும் இப்படிப்பட்ட ஒன்றைத்தான் தேட வேண்டும். தொடங்குவது எல்லா இடத்திலும் சுலபம். உன் எழுத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போவது சுலபமா என்பதை முதல் நாளே சோதித்துப் பார். மூன்று பதிவு எழுதிவிட்டு, இறக்கி, வேறு இடத்தில் ஏற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு நாலாவதை எழுது. உன்னுடையதில் படம் அதிகம், இலவச இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். மூலப் படங்களைத் தளத்தை நம்பி விடாமல் தனியாக ஒரு வட்டில் வைத்துக்கொள். தமிழ் எழுத்து செல்போனில் எப்படித் தெரிகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடு. சில எழுத்துருக்களில் புள்ளியே தெரியாமல் 'கப்பல்' 'கபபல' ஆகிவிடுகிறது. கடவுச்சொல் உன் மனைவிக்கும் தெரிந்திருக்கட்டும். அழிக்கும் உரிமை மட்டும் உன் ஒருவனிடம் இருக்கட்டும். பின்னால் வந்து நிற்பவர் யாராக இருந்தாலும், அது நானாக இருந்தாலும்.

இந்த மூன்றாவது இடத்தில் ஒன்பது பதிவையும் வைத்து இரண்டு மாதம் ஆனபோது ஒரு கருத்து வந்தது. காயல்பட்டினத்திலிருந்து ஒரு பெண். 'இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள் அக்கா? ஏன் சொல்லாமல் மூடினீர்கள்?' என்று கேட்டிருந்தார். அவளை உயிரோடு இருப்பவளாக நினைத்துக் கேட்ட கேள்வி. பதில் எழுத எனக்கு நாலு நாள் ஆனது. எழுதியதும் அவருடைய கணவர் போன் செய்து, முடிந்தால் ஒரு நடை வாங்க காக்கா என்று அந்த ஊர் வழக்கில் அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார். பஸ் பிடித்துப் போனேன். அவர் சரக்குக் கப்பலில் ஃபிட்டராக இருப்பவர், அப்போது விடுமுறையில் வந்திருந்தார். கொரோனா நேரத்தில் பதினான்கு மாதம் கப்பலிலேயே இருந்தாராம். அவருடைய கப்பல் தூத்துக்குடிக்கே நிலக்கரி ஏற்றி வந்து வெளியே ஒன்பது நாள் நின்றிருக்கிறது. யாரையும் கரையிறங்க விடவில்லை. வீட்டுக்கு இருபது மைலில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போக முடியவில்லை. அந்தப் பெண் முயல் தீவுக் கரைக்கு வந்து, எது தன் கணவர் இருக்கும் கப்பல் என்று தெரியாமல் நின்றபோது, பக்கத்தில் கேமராவோடு நின்ற உன் அக்கா கப்பலைக் காட்டியிருக்கிறாள். அந்த ஒன்பது நாளும் அவள் அந்தக் கப்பலைப் படம் எடுத்துப் போட்டு, 'இன்றும் நிற்கிறது, எல்லோரும் நலம் போலத் தெரிகிறது, தளத்தில் ஒருவர் கை வீசினார்' என்று தினமும் எழுதியிருக்கிறாள். பெண்ணின் பெயரையோ கதையையோ எழுதவில்லை. படிக்க வேண்டியவருக்கு மட்டும் புரியும்படி எழுதியிருக்கிறாள்.

அந்தப் பெண் உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். ஒன்பது நாள் பதிவையும் அன்றே கடையில் கொடுத்து அச்செடுத்து வைத்திருக்கிறார். "இத நாங்க தூரப் போட மாட்டோம்னு வச்சிருந்தோம். நீங்க கொண்டு போங்க, நகல் எடுத்துட்டுத் திருப்பித் தந்தா போதும்" என்றார். பிறகு கணவரைப் பார்த்துவிட்டு என்னிடம், "எதுக்கு மூடுனாங்க? நாங்க ஏதும் தப்பாக் கருத்து எழுதிட்டோமோன்னு ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன்" என்றார். அவர்கள் கொடுத்த தேநீர் என் கையில் இருந்தது. கம்பெனி மூடிவிட்டது என்ற பொய் நாக்கு நுனி வரை வந்தது. வெளியே வரவில்லை. உண்மையும் வரவில்லை. நீங்கள் ஒன்றும் செய்யவில்லை அம்மா என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஆறுமுகநேரி உப்பளங்கள் தாண்டும் வரை அந்த உறையை மடியில் வைத்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அழித்தது என் மகளின் பொழுதுபோக்கை மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். முகம் தெரியாத ஒருத்தி, தான்தான் தப்புச் செய்துவிட்டோமோ என்று மூன்று வருடத்துக்கு மேலாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இன்னும் எத்தனை பேரோ. இருநூறில் இப்போது பதினெட்டு இருக்கிறது. மற்றவை வராது. சேமிப்பகத்தில் எத்தனை முறை தேடினாலும் வராது என்று எனக்குத் தெரியும். இருந்தும் வாரம் ஒரு முறை தேடுகிறேன்.

உனக்கு வரப்போகும் பெண் பாடுகிறாளோ, தைக்கிறாளோ, எழுதுகிறாளோ எனக்குத் தெரியாது. நாளைக்கு உன் பிள்ளைகள் எதையாவது வைத்துக்கொண்டு உட்காரும். உனக்கு அதில் பயம் வரலாம். பயம் வருவது தப்பில்லை, அப்பன்மாருக்கு வரத்தான் செய்யும். அதைத் திறந்து பார், முழுக்கப் படி, பிறகு பேசு. பேசியது தப்பு என்று தெரிந்தால் சாப்பாட்டு மேஜையிலேயே சொல்லிவிடு. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தவன் நான்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்புவதாக இல்லை. ஏன் மூடினீர்கள் என்று கேட்டவர்களுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அதனால் ஸ்டெல்லாவின் வலைப்பதிவிலேயே இதைப் போடப் போகிறேன். அதற்கு முன்னால் உன் அம்மாவுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? இன்று காலை அவள் மீன் கழுவி முடித்து வந்ததும், இதுவரை எழுதியதைத் திறந்து லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். படித்து முடித்தாள்.

"அன்னைக்கு அவ அழுதாளா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"அழுதிருந்தா விட்டிருப்பியளா?"

தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை. அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். எழுந்து அடுக்களைக்குப் போனாள். குழம்பு கொதிக்கும் வரை வெளியே வரவில்லை. பிறகு வாசலில் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "போடுங்க. ஆனா அவ பேர்ல போடாதிய. ஒங்க பேர்ல போடுங்க."

இந்தத் தளத்தில் ஒரே வலைப்பதிவில் இரண்டு பேர் எழுதலாம், இரண்டு பேருக்கும் தனித்தனிப் பெயர் போடலாம். அதனால் எனக்கென்று ஒரு கணக்கைத் தொடங்கி, முதல்முறையாக என் பெயரைத் தட்டச்சு செய்தேன். நீ இதைப் படிக்கும்போது அது அங்கே ஏறியிருக்கும். கீழே கருத்துப் பெட்டியைத் திறந்தே வைத்திருக்கிறேன். யார் என்ன எழுதினாலும் எடுக்க மாட்டேன். நீ எழுதினாலும்.

அப்பா